ஊத்துப்பாறையை ஏலம் விட்ட நாள்

நம் பல்கலைக்கழகத்தில் எத்தனை புலங்கள், ஒவ்வொரு புலத்துக்குள்ளும் எத்தனை துறைகள் என்று வேலைக்கான தேர்வில் உங்களைக் கேட்டிருப்பார்கள். நீங்களும் மனப்பாடம் செய்து எழுதியிருப்பீர்கள். சந்தோஷம். இனி அதை மறந்துவிடலாம். நிர்வாகப் பிரிவில் நாற்காலி போட்டு உட்காரப்போகும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்தத் துறை எந்தத் துறையோடு பேசாது, எந்தத் துறைத் தலைவர் வந்தால் ஃபேனைக் கூட்டி வைக்க வேண்டும், எவர் வந்தால் மேஜைமேல் திறந்து கிடக்கும் கோப்பை மூடி வைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான் போடி வளாகத்தில் உதவிப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் குடும்பம் ஏலக்காய் வியாபாரக் குடும்பம். அண்ணன் இன்னும் கடை நடத்துகிறான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வளாகத்தைச் சுற்றிப் பார்க்க அவனைக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு புலத்தின் கட்டடத்திலும் இருந்த ஆங்கிலப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டான்: "காலேஜைவிடப் பெருசு யுனிவர்சிட்டின்னே. அதுக்குள்ள எதுக்குத்தா ஸ்கூல் ஆஃப் இது, ஸ்கூல் ஆஃப் அதுன்னு போர்டு போட்டு வச்சிருக்கீங்க? பெரிய படிப்பு படிச்சவங்கள மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறீங்களா?"

அன்றைக்கு அவன்மேல் எரிந்து விழுந்தேன். வேலை பார்க்கப் பார்க்கத்தான் அவன் தெரியாமல் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. என் பெஞ்சு, உன் பெஞ்சு, என் ஸ்கேலைத் தொடாதே, டீச்சர் இவன் என்னைப் பார்க்கிறான். இதையெல்லாம் ஐந்தாம் வகுப்போடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். தாவரவியலுக்கும் விலங்கியலுக்கும் நடுவில் உள்ள வராந்தாவில் ஒரு பீரோ எவர் பக்கம் நிற்க வேண்டும் என்று நடந்த சண்டை, பீரோ துருப்பிடித்து விழும்வரை தீரவில்லை.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு உபதேசம்தான் செய்தார். "துறைத் தலைவர்கள் சண்டை போட்டா நடுவுல போகாதீங்க. டீ சொல்லிருங்க. சூடான டம்ளரக் கையில வச்சுக்கிட்டு எவனும் கை நீட்டிப் பேச முடியாது." நான் படித்த நிர்வாக இயல் புத்தகங்கள் எதிலும் இல்லாத இந்த அறிவுதான் என்னைக் காப்பாற்றியது. அது முழுசாக வேலை செய்யாமல் போனது ஒரே ஒரு நாள். அந்த நாளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

விஷயம் இதுதான். தலைமை வளாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெளியிலிருந்து ஆய்வுக் குழு வரப்போகிறது. ஒவ்வொரு துறையும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து அங்கே ஏதாவது நல்ல காரியம் செய்திருக்க வேண்டும், அதைக் குழு நேரில் பார்க்கும். மாணவர் குறைவாக உள்ள துறை ஏதாவது தத்துக் கிராமம் காட்டாவிட்டால் அதை இன்னொரு துறையோடு இணைத்துவிடுவார்கள். இணைத்தால் அங்குள்ள கௌரவ விரிவுரையாளர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் வளாகத்தில் அப்படிக் கத்தி தொங்கியது கணிதத் துறைக்கு. பெயருக்கு ஒரு பொறுப்புத் தலைவர். அவர் வேதியியல்காரர், கையெழுத்துப் போட மட்டும் வருவார். உண்மையில் துறை என்பது ஜெயந்தி என்கிற கௌரவ விரிவுரையாளர்தான். போடிக்காரப் பெண். மதுரைக்கு ரயிலில் போய் வந்து படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நிரந்தர வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, கௌரவம் மட்டும் மிஞ்சிய ரகம். கணிதத்தைக் கணினித் துறையோடு இணைத்துவிட்டால் அந்தக் கௌரவமும் போய்விடும்.

ஜெயந்தி என் அறைக்கு வந்தார். "மேடம், கணக்குத் துறை கிராமத்துக்குப் போய் என்ன பண்ணும்? நீங்களே சொல்லுங்க."

"வாய்ப்பாடு சொல்லிக்குடும்மா."

"விளையாடாதீங்க மேடம். அதெல்லாம் விரிவாக்கப் பணியில வராதாம். சர்வே எடுத்திருக்கணுமாம், போட்டோ இருக்கணுமாம். மக்கள்கிட்டக் கேக்குறதுக்குக் கணக்குல என்ன கேள்வி மேடம் இருக்கு?"

டீ சொன்னேன். குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு மனசு சரியில்லை. திறமைசாலி ஒருத்தி கண்முன்னால் வேலையை இழக்கப்போகிறாள், நம் கையில் ரப்பர் முத்திரை மட்டும்தான் இருக்கிறது என்றால் வரும் எரிச்சல் இருக்கிறதே, அது உங்களுக்கும் வரும். வரட்டும், அது வராதவர்கள் இந்த நாற்காலிக்கு லாயக்கில்லை.

பல மாதங்கள் கழித்துக் குழு வரும் நாளும் வந்தது. கிராமம் பார்க்கும் வேலை சனிக்கிழமை காலையில். குழுவினரை விருந்தினர் விடுதியில் ஆற அமர இட்லி சாப்பிட வைத்துவிட்டு, ஏற்பாடுகளைப் பார்க்க நான் முன்னால் குரங்கணிக்குப் போனேன். அங்கிருந்து மேலே ஜீப்பில்தான் போக வேண்டும். ஜீப் நிற்கும் இடத்தில் சமூகவியல் துறைத் தலைவர் ஒரு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். அடுத்த ஜீப்பில் தாவரவியல் தலைவர். அதற்கும் அடுத்ததில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, மேலாண்மைத் துறைத் தலைவர். மூன்று ஜீப்பின் தலையிலும் சுருட்டிய பேனர்.

"எங்க சார் போறீங்க?" என்று முதலாமவரைக் கேட்டேன்.

"எங்க தத்துக் கிராமத்துக்கு. ஊத்துப்பாறை."

இரண்டாவது ஜீப்பிலிருந்து தலை நீண்டது. "ஊத்துப்பாறை எங்களுதாச்சே!"

மூன்றாவது ஜீப்பில் டை ஆடியது. "எக்ஸ்கியூஸ் மீ..."

இது எப்படி நடக்கும் என்று வெளியாட்கள் கேட்பார்கள். நீங்கள் கேட்கக் கூடாது. சமூகவியல் ஒரு புலம், தாவரவியல் இன்னொரு புலம், மேலாண்மை வேறொரு புலம். தத்தெடுக்க அனுமதி கேட்டு மூன்று புலமும் தலைமை வளாகத்துக்குத் தனித்தனியே எழுதின. மூன்றுக்கும் தனித்தனியே அனுமதி வந்தது. ஒரு புலத்தின் கோப்பு இன்னொரு புலத்தின் கோப்பை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. மலைச் சரிவில் இத்தனை ஊர் இருக்க, மூவரும் ஊத்துப்பாறையை ஏன் பிடித்தார்கள் என்றால், ஜீப் போகும் கடைசி ஊர் அதுதான். அதற்கு மேல் நடக்க வேண்டும். சேவை செய்யும் ஆர்வம் ஜீப்பு நிற்கும் இடத்தில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

சமூகவியல்காரரின் ஜீப்பில் பின் சீட்டில், மடியில் அறிக்கைக் கட்டோடு ஜெயந்தி உட்கார்ந்திருந்தார். "நீ எங்கேம்மா இங்க?" என்றேன்.

"சதவீதம் போட மேடம்," என்றார் மெதுவாக.

அதாவது, சர்வே எடுக்கிற துறைக்கெல்லாம் கடைசியில் கூட்டிப் பெருக்கிச் சதவீதம் போட ஓர் ஆள் வேண்டும். சமூகவியலும் இவரைத்தான் கூப்பிடும், தாவரவியலும் இவரைத்தான் கூப்பிடும், மேலாண்மையும் இவரைத்தான் கூப்பிடும். இன்று குழு ஏதாவது எண்ணைக் குடைந்து கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே, அதற்காக ஏற்றி வந்திருக்கிறார்கள். எவருடைய தத்துக் கிராமத்துக்கோ கூலிக்குக் கணக்குப் போட்டுவிட்டு, தன் துறைக்குக் கிராமம் இல்லாமல் வேலையை இழக்கப்போகிற பெண். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஜீப்பு கிளம்பிவிட்டது. அந்த ரோட்டில் ஜீப்பில் போகிறவர்களுக்குக் கோபப்பட வசதிப்படாது, கம்பியைப் பிடித்துக்கொள்வதற்கே இரண்டு கை போதாது.

ஊத்துப்பாறையில் இறங்கியதும் மூன்று துறையும் பேனர் கட்ட இடம் தேடி ஓடியது. ஊரில் பேனர் கட்டத் தோதான இடம் தண்ணீர்த் தொட்டிக்கும் மாமரத்துக்கும் நடுவில் ஒன்றுதான். மூன்று பேனரிலும் ஒரே வாசகம்: "எங்கள் தத்துக் கிராமத்துக்கு அன்புடன் வரவேற்கிறோம்." துறைப் பெயர் மட்டும் வேறு. மாணவர்கள் கயிற்றோடு நிற்க, தலைவர்கள் மூவரும் கை நீட்ட ஆரம்பித்தார்கள். நான் வழக்கப்படி டீ சொன்னேன். டீக்கடைக்காரர் பால் இப்போதுதான் வருகிறது என்றார். பின்னால் குழு வந்துகொண்டிருக்கிறது, டீயும் இல்லை.

அப்போதுதான் பேச்சியம்மாள் வந்தார். அந்த ஊர் வார்டு மெம்பர். காய் சீசனில் போடிக்கு இறங்கிக் கோடவுன்களில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்கு வருவார். என் அண்ணன் கடையிலும் இருந்திருக்கிறார். அங்கே அவர் குரல் கேட்டால் அண்ணனே எழுந்து நிற்பான். அதனால் எனக்குப் பழக்கம்.

"என்ன மேடம், காலங்காத்தால மூணு ஜீப்பு? எலெக்சனா?"

விஷயத்தைச் சொன்னேன். மறைத்துப் பயனில்லை.

"தத்தா? எங்களையா?" என்றார். "யாரக் கேட்டு?"

யாரையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை கேள்வித்தாள் கொண்டுவந்தவர்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவே இல்லை.

சமூகவியல்காரர் சமாளித்தார். "அம்மா, இது ஒரு திட்டம். உங்களுக்கு நல்லதுதான். நாங்கதான் முதல்ல வந்தோம்னு நீங்க சொன்னீங்கன்னா..."

"ஏன், இங்க மரத்துக்கெல்லாம் போர்டு நாங்கதானே மாட்டினோம்?" என்றார் தாவரவியல்காரர்.

"இந்த ஊருக்குப் பிராண்ட் வேல்யூ குடுத்ததே நாங்க," என்றது டை.

பேச்சியம்மாள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமரத்தடிக் கல்லில் ஏறி உட்கார்ந்தார். "தம்பிகளா, கயித்தக் கீழ போடுங்க. ஒரு லாட்டு ஏலக்காய்க்கு மூணு யாவாரி நின்னா போடியில என்ன செய்வாக? ஏலம் விடுவாக. நானும் விடுறேன். ஊத்துப்பாறை ஒரு லாட்டு. கேளுங்க."

ஊர் முழுக்க அதற்குள் கூடிவிட்டது. ஜீப்புக்காரர்கள் பானெட்டில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"ஆனா துட்டுக் கேக்கக் கூடாது," என்றார் பேச்சியம்மாள். "ஊருக்கு என்ன செய்வீகன்னு கேக்கணும்."

துறைத் தலைவர்களுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. தேவையா என்று யோசிப்பதற்குள், பக்கத்தில் இருப்பவன் முந்திவிடுவானோ என்று கை தூக்கிவிடுவார்கள். நிதிக்குழுக் கூட்டத்தில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிய காட்சி. சமூகவியல் ஒரு மருத்துவ முகாமில் ஆரம்பித்தது. தாவரவியல் முகாமோடு வீட்டுக்கு ஒரு மிளகுக் கொடி என்றது. மேலாண்மை முகாம், கொடி, கூடவே எல்லாருக்கும் சுயதொழில் பயிற்சி என்றது. சமூகவியல் சூரிய விளக்கு. தாவரவியல் விளக்கும் நூலகமும். மேலாண்மைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு, "ஊருக்கு இலவச வைஃபை!" என்று கத்தினார். செல்போனுக்கே டவர் எடுக்காத ஊர் அது. பாறைமேல் ஏறி நின்று ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். ஜீப்புக்காரர்கள் விசிலடித்தார்கள்.

"மதி சாரே, மதி!" என்று கை காட்டி நிறுத்தினார் பேச்சியம்மாள். போதும் என்று அர்த்தம். அவரைப் போல இடுக்கி எஸ்டேட்டில் இருந்தவர்கள் வாயில் மலையாளம் இப்படித் தானாக வந்து விழும். "வெல நல்லாத்தான் ஏறுது. சாம்பிளக் காட்டுங்க."

"சாம்பிளா?"

போடியில் இன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்தி ஏலம் கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு கை காய் சாம்பிள் வரும். வியாபாரி அதை உரித்து, முகர்ந்து, கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். அதை நான் தலைவர்களுக்கு விளக்கினேன்.

"அங்க யாவாரிக்கு எங்க காயோட சாம்பிள் காட்டுவோம்," என்றார் பேச்சியம்மாள். "இங்க நீங்கதான் பேசுறீக. அதனால உங்க சாம்பிள். இம்புட்டு நாளா வந்து போனீகளே, செஞ்சதுல ஒரு கை எடுத்துக் காட்டுங்க. கடிச்சுப் பாக்குறோம்."

சரியாக அந்த நேரத்தில்தான் கீழே வளைவில் ஹாரன் கேட்டது. குழுவின் ஜீப்பு.

மூன்று தலைவர்களும் முதல்முறையாக ஒற்றுமையாகி என்னிடம் ஓடி வந்தார்கள். "மேடம், நிறுத்தச் சொல்லுங்க. யுனிவர்சிட்டி மானம் போகுது. மூணு துறையும் சேர்ந்து ஒரே பேனரா வச்சிக்கிறோம். எல்லாருக்கும் மார்க் கிடைச்சிரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

உண்மைதான், ஒரு வார்த்தை போதும். பேச்சியம்மாள் எனக்காக எழுந்து போய்விடுவார். மூன்று துறையும் தப்பிக்கும், என் நாற்காலியும் தப்பிக்கும். ஜெயந்தி மட்டும் அறிக்கைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள். எவரும் அறிமுகம் செய்யாமலே ஒரு சிறுமி அவர் தோளில் சாய்ந்து, ஏதோ நோட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் நம்மில் எவர் தோளிலாவது பிள்ளைகள் சாய்ந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை.

நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுவார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பால் வந்துவிட்டது என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது. "எல்லாருக்கும் டீ கொண்டாங்க," என்றேன். "குழு உக்கார முன்னால பெஞ்சு போடுங்க. ஏலம் நடக்கட்டும்." சொல்லி முடித்ததும் நானே பயந்துபோனேன்.

குழுத் தலைவர் வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். வயதானவர், சிரிக்காதவர் என்று பெயர் வாங்கியவர். இறங்கியதும், "என்ன நடக்குது?" என்றார். "தத்துக் கிராமத் தேர்வு சார். கிராமமே நடத்துது," என்று டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்தேன்.

சாம்பிள் காட்டும் படலம் ஆரம்பமானது. சமூகவியல்காரர் தலையணை கனத்துக்கு அறிக்கையை எடுத்து நீட்டினார். பேச்சியம்மாள் வாங்கிக் கையில் எடை பார்த்தார். "எங்களப் பத்தித்தானே எழுதியிருக்கீக? அதான் எங்களுக்கே தெரியுமே. புதுசா என்ன?" அடுத்து தாவரவியல்காரர் பலாமரத்தில் ஆணியடித்து மாட்டிய பலகையைக் காட்டினார். லத்தீன் பெயர் மழையில் கரைந்து வெறும் பலகை மட்டும் மிச்சம் இருந்தது. "அது பலாமரம் சார்," என்றார் ஒரு பெரியவர் உதவியாக. மேலாண்மைக்காரர் லேப்டாப்பைத் திறந்து 'ஊத்துப்பாறை காபி' என்று அழகாக வரைந்த பாக்கெட்டின் படத்தைக் காட்டினார். "நல்லா இருக்கு. காபித்தூள் எங்க?" என்றார் பேச்சியம்மாள். "அது அடுத்த கட்டம்," என்றது டை.

குழுத் தலைவர் குனிந்து டீயை ஊதினார். சிரிப்பை அடக்குகிறார் என்று டம்ளர் ஆடியதில் தெரிந்தது.

"அந்தா உக்காந்திருக்கே, அந்த டீச்சர் ஏன் கேக்கல?" என்றார் பேச்சியம்மாள்.

"அவங்க கணிதத் துறைம்மா," என்றார் சமூகவியல்காரர். "சதவீதம் போட வந்தவங்க. கணக்குல தத்தெடுக்க என்ன இருக்கு?"

ஜெயந்தி எழுந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. "என்கிட்ட சாம்பிள் ஒண்ணும் இல்லக்கா. நான் இங்க சர்வே எதுவும் எடுக்கல. மத்தவங்க எடுத்து முடிக்கிறவரைக்கும் சும்மாதான் உக்காந்திருப்பேன்."

"சாம்பிள் எங்ககிட்ட இருக்கு," என்றார் பேச்சியம்மாள். "ஏ கனகா! வெரசா வாடி இங்க."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தாள்.

"எம் மக. பத்தாவதுல கணக்குல பெயிலு. இனி எதுக்குப் படிப்பு, எஸ்டேட்டுக்குக் காயெடுக்கப் போகட்டும்னு ஜீப்புக்குக்கூடச் சொல்லியாச்சு. நீங்கள்லாம் வீடு வீடாக் கக்கூஸ் இருக்கா, கரண்டு இருக்கான்னு கேட்டுக்கிட்டுப் போனீகள்ல, அப்ப இந்தம்மா இந்தத் தொட்டிமேல சோலியில்லாம உக்காந்திருந்துச்சு. இவ நோட்டத் தூக்கிட்டுப் போயி நின்னா. இந்த சார் ஜீப்புல வந்தப்பவும் சொல்லிக்குடுத்துச்சு, அந்த சார் ஜீப்புல வந்தப்பவும் சொல்லிக்குடுத்துச்சு. மறு பரீச்சையில பாஸு. இப்ப தேனியில நர்சு அசிஸ்டெண்டு படிக்கிறா. இவளப் பாத்து மத்ததுகளும் நோட்டத் தூக்கிட்டு வருதுக." மகளின் தோளைப் பிடித்து எங்கள் பக்கம் திருப்பினார். "இதுதான் சார் சாம்பிளு. கடிச்சுப் பாருங்க."

பேச்சியம்மாள் குழுவைப் பார்த்துத் திரும்பினார். "இங்க வந்தவுக எல்லாரும் எங்கள கேள்வி கேட்டாக. பதில வாங்கிட்டுப் போயிட்டாக. எங்க பிள்ளைக கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது இந்தம்மா ஒண்ணுதான்."

ஜெயந்தி அழுதுவிட்டார். எனக்கும் கண் நிறைந்தது. டீ சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஏதாவது விசாரிக்க வேண்டுமே என்று, "ஊர்ல எத்தனை வீடும்மா?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். பழக்க தோஷம், ஊரே பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி வீட்டுக் கணக்கில் தொடங்கி ஆடு, மாடு, அடுப்பு, குடிதண்ணீர் என்று கேள்வித்தாள் வரிசையிலேயே, கேட்காத கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில் சொல்லி முடித்தது. சிரிக்காதவர் அப்போது சிரித்தார். டீ சட்டையில் கொட்டும் அளவுக்குச் சிரித்தார்.

"அப்ப ஊரைக் கணிதத் துறைக்குத் தத்துக் குடுக்குறீங்க. அப்படித்தானே?" என்றார்.

"அதெல்லாம் இல்ல," என்றார் பேச்சியம்மாள். "வெல கட்டுபடியாகலேன்னா லாட்டத் திருப்பி எடுத்துக்கலாம். அது காய்க்காரனோட உரிம. நான் ஊரத் திருப்பி எடுத்துக்கிட்டேன். நாங்க என்ன, தாய் தகப்பன் இல்லாதவுகளா தத்துப் போறதுக்கு? ஆனா இந்தம்மாவோட டிபார்ட்மெண்டுக்கு ஆள் இல்ல, மூடப் போறாகன்னு பிள்ளைக சொல்லுச்சுக. நாதியில்லாம இருக்கிறது அதுதான். அதனால நாங்க அதைத் தத்தெடுத்துக்கிறோம். எழுதிக்கோங்க."

குழு எழுதிக்கொண்டது. "கணிதத் துறையை ஊத்துப்பாறை கிராமம் தத்தெடுத்துள்ளது" என்று அறிக்கையில் அப்படியே வந்தது. துறை பிழைத்தது, ஜெயந்தியின் வேலையும் பிழைத்தது. மூன்று துறைகளுக்கும் குழு வேறு வேறு ஊர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது, இந்த முறை நடந்து போகும்படியான ஊர்களாக. பேனர்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். காபிக்கொட்டை உலர்த்த நன்றாக உழைத்தன.

தலைமை வளாகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டார்கள், கிராமம் துறையைத் தத்தெடுக்க விதிகளில் இடம் உண்டா என்று. இடம் இல்லை என்று எந்த விதியும் சொல்லவில்லை என்று பதில் எழுதினேன். அதற்கு மறு கேள்வி வரவில்லை. இந்த வாக்கியத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் உதவும்.

கதை அங்கே முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை வளாகத்து வாசலில் ஜீப் வந்து நின்றது. பேச்சியம்மாளும் ஊர்ப் பெண்கள் சிலரும் இறங்கினார்கள். நேராகக் கணிதத் துறைக்குப் போனார்கள். வகுப்பில் நுழைந்து, பெஞ்சு பெஞ்சாக நின்று விசாரித்தார்கள். எத்தனை பேர் படிக்கிறீக? எங்கிருந்து வாறீக? காலையில என்ன சாப்பிட்டீக? கக்கூஸ் இருக்கா, அதுல தண்ணி வருதா? குடிக்கிற தண்ணி எங்க?

குடிதண்ணீர்க் குழாய் ரிப்பேராகிக் கிடப்பது பற்றி ஜெயந்தி எத்தனையோ முறை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போய், எங்கோ படுத்துக்கொண்டன. பேச்சியம்மாள் எழுதிக் கொடுக்கவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு வளாக இயக்குநர் அறைக்குள் நுழைந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

இயக்குநர் பதறி எழுந்தார். "நீங்க யாரும்மா? உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். கணக்கு டிபார்ட்மெண்டுல தண்ணி வரல. நாங்க தத்தெடுத்த பிள்ளைக. கேக்காம விடுவமா?"

அன்று சாயங்காலமே தண்ணீர் வந்தது.